அழுக்குக்கு ஒரு சுவிட்ச்

கிழிந்த ஸ்பீக்கருக்குக் காகிதம் ஒட்டுவது என் தொழில். ஆம்ப்ளிஃபயர், மைக்செட், கோயில் குழாய், சர்ச் மிக்சர் என்று எது வந்தாலும் பார்ப்பேன். வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே புகார்தான். ‘அண்ணே, கரகரன்னு வருது.’ முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கரகரப்பை எடுத்துத்தான் சோறு தின்கிறேன். போன வருஷம் என் தங்கச்சி மகன் கடைக்கு வந்து, காசு கொடுத்து அந்தக் கரகரப்பை வாங்கப்போவதாகச் சொன்னான்.

அவன் பேஸ் கிடார் வாசிக்கிறவன். காலேஜ் பசங்க நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ‘மாமா, பேஸுக்கு ஓவர்டிரைவ் வாங்கலாமா, டிஸ்டார்ஷன் வாங்கலாமா? கையில பன்னெண்டாயிரம் கீது’ என்றான். என்னிடம் கேட்க அவனுக்குக் காரணம் இருக்கிறது. நானும் பேஸ் வாசித்தவன். 1987இல் சர்ச்சில் கற்றுக்கொண்டு, 1991இலிருந்து இருபது வருஷம் போல அரக்கோணம் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் கல்யாணம், கூழ் வார்க்கிற திருவிழா, கட்சி மேடை என்று சுற்றினவன். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டு போகுமே, அதைக் கேட்டுக் கேட்டு விரல் தேய்ந்தவன்.

கேட்டது கடைச் சரக்கைப் பற்றிய கேள்வி. இதை வாங்கு, அதை வாங்காதே என்று சொல்லிவிட்டுச் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்திருக்கலாம். முடியவில்லை. அந்தக் கேள்விக்குள்ளே எங்கள் வீட்டுக் கேள்வி ஒன்று உட்கார்ந்திருந்தது.

பேஸ் கிடார் பழக்கமில்லாத தோழர்களுக்காக ஒரு வார்த்தை. நாலு தடிமனான கம்பி. இருப்பதிலேயே கனமான கம்பியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41 தடவை அதிரும். பாட்டு நிற்பதே அதன் மேல்தான். ஆனால் கச்சேரி கேட்டுவிட்டுப் போகிறவனைப் பிடித்து ‘பேஸ் எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள், முழிப்பான். அவன் காதில் பாடகர், கீபோர்டு, டிரம் எல்லாம் இருக்கும். இது மட்டும் இருக்காது. நிறுத்திவிட்டால் மட்டும் ‘ஏதோ கொறையுது’ என்பான்.

இந்தப் பெடல் என்கிற பெட்டி என்ன செய்கிறது? எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு கூரை உண்டு. உள்ளே வருகிற அலை அந்தக் கூரைக்கு மேல் எழும்ப முடியாது. எழும்பினால் தலை வெட்டுப்படும். வளைவாக இருந்த அலை மொட்டையாகும். தலை மெதுவாக மழுங்கினால் ஓவர்டிரைவ். கத்தியால் சீவின மாதிரி வெட்டினால் டிஸ்டார்ஷன். அலையே கட்டம் கட்டமாக ஆகிவிடுகிற அளவுக்கு வெட்டித் தள்ளினால் ஃபஸ். பெட்டிக்குள்ளே இந்த வேலையைப் பெரும்பாலும் இரண்டு மூன்று டயோடு செய்துவிடும்; ஒரு டீ காசுக்குக் கைநிறையக் கிடைக்கிற சாமான். வெட்டுப்பட்ட அலையிலிருந்து புதிய மேற்சுரங்கள் கிளம்பும். நீங்கள் வாசித்தது 41 என்றால் அதோடு 82, 123, 164 என்று அடுக்கடுக்காகப் பலத்து எழும். அந்த அடுக்குதான் காதில் கரகரப்பு.

வாத்தியக்காரர்கள் இதற்கு வைத்திருக்கிற பேரைக் கவனியுங்கள். வெட்டுப்படாத ஒலி ‘கிளீன்’. வெட்டுப்பட்டது ‘டர்ட்டி’. பெடலையே ‘டர்ட் பெடல்’ என்பார்கள். சுத்தம், அழுக்கு. வெள்ளைக்காரன் நம்ம ஊர்ச் சாதியை மனசில் வைத்துக்கொண்டு சூட்டின பேர் இல்லைதான். ஆனாலும் என் காதில் வந்து விழும்போது அது சும்மா விழாது.

என் நைனா பறை அடித்தவர். அடித்தவர் என்று இறந்தகாலத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வரும். 1976இல் எங்கள் காலனியில் கூடிப் பேசி, இனி ஊர்ச் சாவுக்கு மேளம் போவதில்லை, செத்த மாடு தூக்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். எனக்கு ஆறு வயசு. கழனி வேலை நின்றது. கடையில் உப்பும் மிளகாயும் கடன் கொடுப்பது நின்றது. எங்க ஆயா சொல்லித்தான் தெரியும்: நைனா தோலைக் கிழித்துவிட்டு, பறைச் சட்டத்தை அடுப்பில் வைத்து அன்றைக்குக் கஞ்சி காய்ச்சச் சொன்னாராம். அப்புறம் அலைந்து திரிந்து ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தார். லோகோ ஷெட் வேலை, உடம்பெல்லாம் எண்ணெயும் கரியும். சாயங்காலம் வந்ததும் தொட்டித் தண்ணீரில் அரைமணி நேரம் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பார். பிறகு வெள்ளைச் சட்டை. இன்றைக்கு எண்பதைத் தாண்டியாகிவிட்டது, வெள்ளைச் சட்டை போடாமல் தெருவில் இறங்கமாட்டார்.

நான் குழுவில் சேர்ந்த புதுசு. வீட்டில் ஒரு பழைய ஆம்ப்பில் கிடாரை மாட்டி, வால்யூமை முழுக்கத் திருகி, வேண்டுமென்றே அதைக் கதறவிட்டுக்கொண்டிருந்தேன். நைனா உள்ளே வந்தார்.

‘இன்னாடா, ஸ்பீக்கர் கிழிஞ்சி பூட்ச்சா?’

‘இல்ல நைனா. இந்த மாதிரி வாசிக்கறதுக்கு ஒரு ஸ்டைல் கீது.’

‘நல்லா கீறத ஏன்டா கிழிக்கற?’

சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மருமகன் பெடல் கேட்டு வந்தபோது எனக்குள் எழுந்து உட்கார்ந்தது இந்தக் கேள்விதான்.

நைனா ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. இந்த ஒலியின் வரலாறு கிழிசலில்தான் ஆரம்பிக்கிறது. 1951இல் ஐக் டர்னரின் குழு, எல்லாம் கறுப்பு இளைஞர்கள், மிசிசிப்பியிலிருந்து மெம்பிஸுக்கு ஒரு ஒலிப்பதிவுக்காகக் காரில் போனது. போகிற வழியில் கிடார்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் அடிபட்டுவிட்டது. மழையில் நனைந்தது என்பார்கள், காரிலிருந்து விழுந்தது என்பார்கள், கதை பலவிதம். பதிவுக்கூடம் நடத்திய சாம் பிலிப்ஸ் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார். அந்தக் கரகரப்போடேயே பதிவானதுதான் ‘ராக்கெட் 88’. ரிதம் அண்டு புளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போன பாட்டு. காகிதம் வைத்து ஸ்பீக்கரைச் சரிக்கட்டுகிற என் குலத்தொழிலுக்கு அமெரிக்காவிலும் ஒரு மூதாதை இருப்பது பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பேஸ்காரர்களுக்கு இன்னும் நெருங்கின கதை நாஷ்வில் நகரத்துடையது. மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொர்ரி’ 1961இல் வெளியானது. அதில் கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் வாசித்தார். அவர் கிடார் போய்ச் சேர்ந்த மிக்சர் சேனலில் பழுது; பேஸ் கிழிந்த குரலில் வந்தது. சரி செய்து மறுபடி வாசித்திருக்கலாம். அப்படியே விட்டார்கள். பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி பிறகு அந்தப் பழுதையே டிரான்சிஸ்டர் வைத்து ஒரு சின்னப் பெட்டிக்குள் செய்தார். கிப்ஸன் கம்பெனி அதை வாங்கி 1962இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று விற்பனைக்கு விட்டது. காப்புரிமையும் பதிவாயிற்று. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதை மிதித்த பிறகு உலகமே மிதித்தது. அதே வருஷம் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றில் பால் மெக்கார்ட்னி பேஸுக்கு ஃபஸ் போட்டார்.

பழுது என்னவோ ஒரே ஜாதிப் பழுதுதான். ஒரு இடத்தில் அது காகிதம் திணிக்க வேண்டிய குறை, இன்னொரு இடத்தில் காப்புரிமை பெற்ற சரக்கு. என் கடையில் இத்தனை வருஷத்தில் எத்தனை காப்புரிமைகளை நான் ரிப்பேர் பண்ணித் தொலைத்தேனோ.

ஜேம்ஸ் ஜேமர்ஸனைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனிக்கு அறுபதுகளில் பேஸ் வாசித்த கறுப்பர். அமெரிக்காவையே ஆடவைத்த பாட்டுகளுக்கு அடியில் அவர் இருந்தார், ஆனால் தட்டின் உறையில் பேர் இருக்காது. 1971இல் மார்வின் கே தன் தட்டில் பேர் போட்டபோதுதான் கேட்கிறவர்களுக்கு ஆள் தெரிந்தது. வலது கையில் ஒரே விரலால் வாசிப்பார். கம்பி அறுந்தால் தவிர மாற்றமாட்டாராம். கம்பியில் ஏறுகிற வேர்வையும் பிசுக்கும்தான் அந்த ஒலி என்பது அவருடைய கட்சி. பெடல் எதுவும் இல்லாமலே, ஒலிப்பதிவு மீட்டரின் எல்லையை முட்டி லேசாக உறுமுகிற பேஸ் அது. இங்கே யாராவது அதைக் கேட்டு ‘கொஞ்சம் கிளீனா வாசிங்க’ என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப்பார்ப்பேன்.

அதெல்லாம் கடல் தாண்டின கதை, நம்ம ஊர் இசைக்குச் சுத்தம்தானே உயிர் என்று யாராவது சொல்லலாம். அவர்களைத் தம்புராவின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். தம்புராவில் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு துண்டு நூலைச் செருகி, நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள். ஒரு இடத்தில் ‘ஙொய்ய்’ என்று ரீங்காரம் கிளம்பும். கம்பி குதிரையின் மேல் பட்டும் படாமலும் உரசுவதால் வருகிற மேற்சுரக் கூட்டம் அது. ரிப்பேர்க்காரன் காதால் கேட்டால் அதுவும் ஒரு கரகரப்பு. சபாவில் அதற்கு வைத்திருக்கிற பேர் ‘ஜீவா’. உயிர்! மிருதங்கத்தின் வலந்தலையிலும் தோலுக்கு நடுவே குச்சித் துணுக்குகளைச் செருகி நாதத்தில் ஒரு முரமுரப்பு வரவழைப்பார்கள். குச்சி மிருதங்கம் என்றே பேர். செருகுகிற கை யாருடையது, தோல் எந்த மாட்டுடையது என்பதை டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்று 2020இல் புத்தகமாகப் போட்டபோது, வெளியீட்டுக்கு ஒத்துக்கொண்ட இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. முரமுரப்பு வேண்டும். அதைச் செய்தவன் பேர் மட்டும் அரங்கத்துக்குள் வரக்கூடாது.

ஆக, சத்தத்தில் அழுக்கு என்று ஒன்று இல்லை. யார் மடியிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் பேர் வைக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தபோது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

எங்கள் குழுவில் லீட் கிடார் வாசித்தவன் எனக்கு நல்ல சிநேகிதன். ஜப்பான் பெடல் ஒன்று வைத்திருந்தான், ஆரஞ்சு நிறம். கால் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும், கிடார் உறுமும். மறுபடி கால் வைத்தால் விளக்கு அணையும், சுத்தமாகிவிடும். ‘மச்சான், டோன் இன்னும் டர்ட்டியா வேணும்டா’ என்பான். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு ருசி தெரியும். ஒத்திகை அவன் வீட்டுக் கூடத்தில் நடக்கும். அவன் அம்மா எனக்குக் காபி தராத நாள் கிடையாது. 1993இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை முடிந்து பாதி வழி வந்தவன் ஒயரை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனேன். நான் உட்கார்ந்த பாய் வெளியே கிடந்தது. என் ஆம்ப் இருந்த இடத்தில் தண்ணீர் ஊற்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவன் ஓரமாகக் குத்துக்காலிட்டு, பெடலில் தண்ணீர் படாமல் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் ஒத்திகைக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கச்சேரிக்கு நூற்றைம்பது ரூபாய்.

அழுக்கு அவனுக்குக் காலடியில் இருந்தது. சுவிட்ச் போட்டால் வரும், போட்டால் போகும். வேண்டும்போது கொஞ்சம் பூசிக்கொண்டு கைதட்டல் வாங்கலாம். வீட்டுக்குள் போகும்போது அணைத்துவிடலாம். எனக்கு அந்தக் கூடத்தில் சுவிட்ச் எங்கே இருந்தது? நான் அன்றைக்கு முழுக்கக் கிளீனாகத்தான் வாசித்தேன்.

தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் நடந்த வாதம் பலருக்கு ஞாபகம் இருக்கும். இழிவு என்று எதையெல்லாம் நம் மேல் சுமத்தினார்களோ அதையே கலகமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அவர்களுடைய அழகு, ஒழுங்கு, சுத்தம், நாகரிகம் எல்லாவற்றின் மேலும் சேற்றை அள்ளி வீச வேண்டும், பறை அடிமைச் சின்னமாக இருந்தது போதும், இனி அது போர்ப்பறை என்று எழுதினார்கள். படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தவன் நான். அந்தச் சூட்டில் ஒரு கட்டுரையை நைனாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ‘எழுதினவரு அடிச்சிருக்காரா?’ என்றார். அவ்வளவுதான்.

அவர் பக்கத்திலும் பெரிய ஆள் ஒருவர் நிற்கிறார். 1927இல் மகாடில் அம்பேத்கர் தம் மக்களிடம் செத்த மாட்டுக் கறியை விடச் சொன்னார். எதை இழிவு என்றார்களோ அதைக் கொடியாகப் பிடிக்கச் சொல்லவில்லை, உதறச் சொன்னார். அவர் போட்ட கோட்டு சூட்டு அந்த உதறலின் உடுப்பு. சில அறிவுஜீவிகள் அதை மேல்நோக்கிப் போகிற ஆசை என்று எழுதும்போது எனக்கு நைனாவின் சட்டை ஞாபகத்துக்கு வரும். பார்ப்பனச் சுத்தம் நிற்பதற்கு எதிரில் ஒருத்தன் அழுக்காக இருந்தாக வேண்டும். நைனாவின் வெள்ளைச் சட்டைக்கு அப்படி யாரும் தேவைப்படவில்லை. அது யாரையும் எட்டி நிற்கச் சொல்லவில்லை.

இப்படி யோசித்து நான் நைனா கட்சியிலேயே நின்றிருப்பேன். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் நிகழ்ச்சிக்கு என் மருமகனைக் கூட்டிப்போனேன். அப்போது அவன் பள்ளிக்கூடப் பையன். மேடையில் கானா பாடுகிறவர்கள், ராப், பறை, டிரம், எலெக்ட்ரிக் கிடார் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. யாரும் யாருக்கும் பின்னால் இல்லை. வீட்டுக்கு வந்தவன் நேராகத் தாத்தாவிடம் போய், ‘தாத்தா, எனக்குப் பறை சொல்லிக் குடு’ என்றான். வீடே மூச்சை நிறுத்தியது. ‘எனக்கு மறந்துபோச்சு’ என்றார் நைனா. பையன் விடாமல் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒடித்துத் தட்டின் மேல் அடித்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து நைனா திண்ணையிலிருந்து, ‘குச்சிய அப்டிப் புடிக்காதடா, மணிக்கட்டு பூடும்’ என்றார். அதற்கு மேல் சொல்லித் தரவில்லை.

இழிவை உதறினவர் சரி. உதறினதைப் பொறுக்கியெடுத்து மேடையேற்றுகிறவனும் சரி. இரண்டும் சரி என்று சொல்வது கோழைத்தனம் மாதிரியும் படுகிறது. நாற்பது வருஷ இடைவெளியில் இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒன்றேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேண்டாம் என்று சொல்கிற அதிகாரம் 1976இல் நைனாவுக்கு வந்தது. அவர் ஒருதரம் அணைத்துக் காட்டினதால்தான் இவன் கையில் இன்றைக்கு சுவிட்ச் இருக்கிறது. அணைக்க முடியாத காலத்தில் அந்தப் பறையை யாராவது அழகு என்று சொல்லியிருந்தால் அது பச்சை அயோக்கியத்தனம்.

சரி, பெடலுக்கு வருவோம். பையன் காத்துக்கொண்டிருந்தான்.

பேஸில் ஒரு விசேஷம் இருக்கிறது. அழுக்கைக் கூட்டக் கூட்ட அடி கழன்றுபோகும். எழுபதுகளின் கடைசியில் வந்த பச்சைப் பெட்டி ‘டியூப் ஸ்க்ரீமர்’ கிடார்காரர்களுக்குச் சாமி மாதிரி. ஆனால் அதன் சர்க்யூட் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறதையெல்லாம் குறைவாகத்தான் பெருக்கும். கிடாருக்கு நல்லது, குழம்பாமல் வரும். பேஸின் உயிரே அந்த 720க்குக் கீழேதான் இருக்கிறது. கிடார் பெடலைப் பேஸுக்குப் போட்டால் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும், டிரம் சேர்ந்ததும் பேஸ்காரன் மேடையிலிருந்து இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும்.

அதனால் பேஸுக்கென்றே செய்கிற பெட்டிகளில் கூடுதலாக ஒரு குமிழ் வைப்பார்கள். பிளெண்ட் என்பார்கள், பேலன்ஸ் என்பார்கள். பாஸ் கம்பெனி 1994இல் விட்ட மஞ்சள் பெட்டி ஓ.டி.பி.-3இல் அது உண்டு. அதே காலத்தில் வந்த டெக் 21 கம்பெனியின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரில் உண்டு. பின்லாந்திலிருந்து வருகிற டார்க்கிளாஸ் பெட்டிகளிலும் உண்டு, விலைதான் நமக்கு எட்டாது. இந்தக் குமிழைப் பாதி அழுக்கு பாதி சுத்தம் என்று புரிந்துகொள்வது தப்பு. கம்பியிலிருந்து வருகிற ஒலி உள்ளே இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒன்று முழுக்க வெட்டுப்படுகிறது. இன்னொன்று வெட்டுப்படாமல் அடியைச் சுமந்துகொண்டு வருகிறது. கடைசியில் இரண்டும் சேர்கின்றன. ஒன்று மற்றதைத் திருத்துவதில்லை. ஒரு ஆபத்து உண்டு: இரண்டில் ஒன்று தலைகீழாகத் திரும்பி வந்துவிட்டால், சேருகிற இடத்தில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மட்டமான சர்க்யூட்டுகளில் பார்த்திருக்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நல்ல ஒலி, சேர்த்தால் ஓட்டை. வீட்டில் நைனாவுக்கும் எனக்கும் பல வருஷம் நடந்தது அதுதான்.

சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். கடைப் பையன் கெயினை முழுக்கத் திருகிக் காட்டினான். நான் குறைக்கச் சொன்னேன். மருமகனுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். கடை கிடாரில் சோதிக்காதே, உன்னுடையதைக் கொண்டுபோ. தனியாக வாசித்து மயங்காதே; டிரம்மோடு சேர்த்து ஒருதரம் கேள். கெயின் ஏற ஏற மெல்ல மீட்டினதும் அழுத்தி மீட்டினதும் ஒரே உயரமாகிவிடும், விரலுக்கு மரியாதை போய்விடும். பேஸ் பெட்டியில் மேலே சின்ன ட்வீட்டர் இருந்தால் அணைத்துவிடு, இல்லாவிட்டால் கரகரப்பு ஈயாக மாறிக் காதைக் கடிக்கும். கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய மஞ்சள் பெட்டி கிடைத்தது. கெயினைப் பாதிக்கு மேல் வைத்தால் குளவிக்கூடு மாதிரி இருக்கும் என்று அதற்குக் கெட்ட பேர் உண்டு. பாதிக்குக் கீழே வைத்து, பேலன்ஸில் சுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் நல்ல பெட்டி. கழற்றிப் பார்த்து ஜாக்கை மாற்றி சால்டர் வைத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 14, எங்கள் காலனியில் அம்பேத்கர் பிறந்தநாள் மேடை. பையன்கள் வாசிக்க வந்தார்கள். வாடகைக்குச் சொன்ன பெரிய ஸ்பீக்கர் வண்டி வரவில்லை. மரத்தில் கட்டின குழாய் நாலு, மேடையில் என்னுடைய பழைய ஆம்ப் ஒன்று. அந்தக் குழாயில் 41 ஹெர்ட்ஸ் என்ன, அதன் ஐந்து மடங்குகூட வராது. முதல் பாட்டில் மேடைக்குப் பக்கத்தில் நின்ற எனக்குப் பேஸ் கேட்டது. கடைசி வரிசையில், வெள்ளைச் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நைனாவிடம் போய்க் கேட்டேன்.

‘பேரன் வாசிக்கறது கேக்குதா நைனா?’

‘கையி ஆடுது. சத்தம் ஒன்னும் காணோம்.’

நான் மேடைக்குக் கை காட்டினேன். பையன் பெட்டியை மிதித்தான். அடி ஒலி அந்தக் குழாய்க்குள் எப்படியும் வராது. ஆனால் வெட்டுப்பட்டதில் கிளம்புகிற மேற்சுரங்கள் வரும். அந்த அடுக்கைக் கேட்டால் போதும், கீழே இல்லாத 41ஐக் காதே நிரப்பிக்கொள்ளும். சின்ன ரேடியோவில், செல்போனில் பேஸ் கேட்பதாக நாம் நினைப்பது பாதி இந்த வித்தைதான். மரத்தின் மேலிருந்து கரகரவென்று அவன் வாசிப்பு இறங்கியது.

நைனா கழுத்தை நீட்டிக் கேட்டார்.

‘இப்ப கேக்குது’ என்றார். கொஞ்சம் பொறுத்து, ‘கிழிஞ்ச மாதிரிதான்டா கேக்குது’ என்றார்.

‘அணைக்கச் சொல்லட்டுமா?’

பதில் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டு முடிகிற வரைக்கும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், வண்டி எத்தனை மணிக்கு வருமாம் என்று கேட்டார்.